மீட்டர் 52 காட்டியும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால்

இன்சுலின் போட்டுக்கொள்ளும் உங்கள் கணவர் சர்க்கரை இறங்கித் தூக்கத்திலேயே போய்விடுவாரோ என்று பயந்து ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். காற்றுக்குமிழி, ஊசி போட்ட இடத்தில் நீலம், சிறுநீரகம் என்று கடிதம் முழுக்க நீங்கள் கேட்டிருப்பதெல்லாம் அந்தப் பயத்தின் கிளைகள்தான். ஆனால் உண்மையில் பயப்பட வேண்டியதைப் போகிறபோக்கில் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள்: “போன வாரம் சாயங்காலம் மீட்டர் 52 காட்டியது. எனக்கு ஒண்ணுமே தெரியலையே என்று சொல்லிவிட்டு டிவி பார்க்க உட்கார்ந்துவிட்டார்.” நான் பதில் சொல்லப்போவது முக்கியமாக அந்த வரிக்கு.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்க ஆரம்பித்ததுமே உடம்பு கூச்சல் போட வேண்டும். அட்ரினலின் சுரக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், பசி வயிற்றைப் பிடுங்கும். 54-க்குக் கீழே போனால் மூளைக்கே குளுக்கோஸ் பற்றாமல் பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், எதிரில் நிற்பவர் யாரென்று புரியாது. கை நடுங்கி வியர்க்கும் அந்த முதல் கட்டம்தான் நம்மைக் காப்பாற்றுவது. தாழ்சர்க்கரை அடிக்கடி வந்தால் உடம்பு அதற்குப் பழகிப்போய் கூச்சலைத் தாமதமாகப் போடுகிறது, பிறகு போடுவதே இல்லை. நடுக்கமும் படபடப்பும் வராமல் மனிதர் நேராகக் குழப்பத்துக்குப் போய்விடுகிறார். 52-ல் சாதாரணமாக உட்கார்ந்திருப்பது உடம்பு திடமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் இல்லை அம்மா. எச்சரிக்கை மணி அறுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அதற்கு அடுத்த நாலாம் நாள் ராத்திரி ஒரு மணிக்குப் பனியன் தொப்பலாக நனைந்து அவர் உளறியதும், நீங்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியதும் இதன் தொடர்ச்சிதான்.

அவர் ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரலால் சாப்பிடுகிறார் என்று மருந்துப் பட்டியலில் பார்த்தேன். அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. அதனால் அவரைப் பொறுத்தவரை திடீர் வியர்வை வந்தாலே உடனே மீட்டரை எடுக்க வேண்டும். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து.

நல்ல செய்தியும் இருக்கிறது. இரண்டு மூன்று வாரங்கள் சர்க்கரை 70-க்குக் கீழே போகவே விடாமல் பார்த்துக்கொண்டால் அந்த மணி பெருமளவு மறுபடியும் அடிக்க ஆரம்பிக்கும். அந்த வாரங்களில் அளவு கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. சாப்பாட்டுக்கு முன் 100 என்று இலக்கு வைத்திருந்தவருக்கு 130, 150 என்று தற்காலிகமாக உயர்த்திவைப்பது வழக்கம். எவ்வளவு உயர்த்துவது என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

இனி, இது ஏன் நடக்கிறது என்று பார்ப்போம். அந்த ராத்திரியின் கணக்கை நீங்கள் நேரம் போட்டு எழுதி அனுப்பியது பெரிய உதவி. எட்டு மணிக்குச் சாப்பாடு, 12 யூனிட் லிஸ்ப்ரோ என்ற விரைவு இன்சுலின். ஒன்பது மணிக்கு 262 காட்டியதும் இன்னொரு 6 யூனிட். பத்தேகாலுக்கு 230, “இறங்கவே மாட்டேங்குது” என்று மறுபடி 6.

லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், குளுலிசின் மூன்றும் ஒரே வகை. தோலுக்கடியில் போன கால் மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்து, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், நான்கைந்து மணி நேரத்தில் ஓயும். ஒன்பது மணிக்குப் பார்த்தபோது மருந்து பாதி வேலையைக்கூட முடிக்கவில்லை. நான்கு மணி நேரக் கணக்கில் தோராயமாகப் பாருங்கள். பத்தேகாலுக்கு முதல் ஊசியில் 5 யூனிட்டும் இரண்டாவதில் 4 யூனிட்டும் உடம்பில் இன்னும் வேலை செய்யாமல் மிச்சம் இருக்கின்றன. ஆக 9 யூனிட் ஏற்கனவே கையிருப்பு. அவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 50 யூனிட் போகிறது. விரைவு இன்சுலினுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: 1800-ஐ அந்த மொத்தத்தால் வகுத்தால் 36 வரும். அதாவது ஒரு யூனிட் விரைவு இன்சுலின் அவருக்குச் சர்க்கரையை டெசிலிட்டருக்குச் சுமார் 36 மில்லிகிராம் இறக்கும். 230-ஐ 120-க்குக் கொண்டுவர 3 யூனிட் போதும். கையிருப்பு 9 இருக்கும்போது மேலும் 6 போட்டிருக்கிறார். சாப்பாடு செரித்து முடிந்த பிறகும் மருந்து மட்டும் தனியாக வேலை செய்துகொண்டே இருந்தது. ராத்திரி ஒரு மணி இப்படித்தான் வந்தது.

ஊசிமேல் ஊசி அடுக்குவது என்று இதைச் சொல்வோம். விரைவு இன்சுலினால் வீட்டில் நடக்கும் விபத்துகளில் இது அடிக்கடி வருவது. ஒரு ஊசி போட்டு நான்கு மணி நேரம் ஆகும்வரை, சர்க்கரையை இறக்குவதற்கென்று அடுத்த ஊசி கிடையாது. அளவை ஒரு மணி நேரத்தில் பார்க்காதீர்கள், சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் பாருங்கள். அப்போது 180-க்குள் இல்லை என்றால் குறித்துவையுங்கள், அடுத்த நாள் டோஸைத் திருத்த அது பயன்படும். அன்றைக்கே அதோடு சண்டை போட வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் இறக்குவதற்கான ஊசி மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே, அதுவும் பகலில் போடும் அளவில் பாதிதான் பெரும்பாலும் எழுதுவார்கள்.

“200-க்கு மேல் 6, 250-க்கு மேல் 8” என்று போனில் யாரோ அனுப்பிய பட்டியலைப் பார்த்துத்தான் அவர் போட்டுக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே அழித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 90 யூனிட் போடுகிறவருக்கு 1 யூனிட் 20 தான் இறக்கும், 30 யூனிட் போடுகிறவருக்கு 60 இறக்கும். ஒருவருக்குப் பொருந்துகிற பட்டியல் இன்னொருவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும். இன்சுலின் டோஸைக் கடன் வாங்க முடியாது. இதில் எனக்குக் கோபம் வருவதை மறைக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பட்டியலை அனுப்பியவர் அந்த ராத்திரி ஒரு மணிக்கு உங்கள் வீட்டில் இல்லை.

சரி, ஒன்பது மணிக்கு 262 ஏன் வந்தது? அதற்கும் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு தடிப்பு இருப்பதாகவும், அங்கே போட்டால் வலிப்பதில்லை என்பதால் அங்கேயே போடுவதாகவும் எழுதி, “இது கட்டியா, புற்றுநோயாக மாறுமா” என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போனால் அங்கே கொழுப்பு வீங்கித் தடித்துப்போகும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தடிப்பில் போட்ட மருந்து சரியாக ரத்தத்துக்குப் போகாது. ஒரு நாள் தாமதமாகப் போகும், ஒரு நாள் பாதிதான் போகும், ஒரு நாள் எதிர்பாராமல் மொத்தமும் போகும். சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறி நிற்பதும், நடுராத்திரியில் சரிந்து விழுவதும் ஒரே ஆளுக்கு வருகிறது என்றால் முதலில் வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். குளிக்கும்போது சோப்பு போட்ட விரல்களால் மெதுவாக வழித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத தடிப்பும் விரலுக்குத் தட்டுப்படும்.

அந்த இடத்தை விட்டுவிடுங்கள், சில மாதங்களாவது. வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பாகம் என்று வைத்துக்கொள்ளலாம். முந்தைய ஊசியிலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போட வேண்டும். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. தடிப்பில் போட்டுப் பழகிய அதே 12 யூனிட்டை நல்ல தோலில் போட்டால் அது முழுவதுமாகவும் வேகமாகவும் வேலை செய்யும். இடம் மாற்றும் அன்று டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும். அதனால் இடம் மாற்றுவதற்கு முன்பே மருத்துவரைக் கூப்பிட்டு எவ்வளவு குறைப்பது என்று கேட்டுவிடுங்கள். முதல் சில நாட்கள் இரண்டு மணி நேர அளவைத் தவறாமல் பாருங்கள்.

பேனா ஊசிக்கு 4 மில்லிமீட்டர் நீளம் போதும். பெரியவர்கள் பெரும்பாலோருக்குத் தோலைக் கிள்ளாமலே செங்குத்தாகக் குத்தலாம். நீளமான ஊசி தசைக்குள் போய்விட்டால் மருந்து எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறும். ஒவ்வொரு முறையும் புது ஊசி பொருத்தி, 2 யூனிட் காற்றில் தள்ளிச் சொட்டு வருகிறதா என்று பார்த்த பிறகு டோஸைத் திருப்புங்கள். அழுத்திய பிறகு பத்து வரை எண்ணிவிட்டு வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு யூனிட் தோலின் மேலேயே வடிந்துவிடும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. அவர் இரண்டு மாதத்துக்கு முன்புவரை பழைய ரெகுலர் இன்சுலின் போட்டிருக்கிறார். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுவது சரி. லிஸ்ப்ரோவுக்கு அதே பழக்கத்தைத் தொடர்வது தவறு. கால் மணி நேரத்துக்குள் சாப்பாடு கண் முன்னால் இருக்க வேண்டும். யாராவது வந்து பேச்சு நீண்டுவிட்டால், ஊசி போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால், அப்போதே சரிவு ஆரம்பித்துவிடும். அன்றைக்குச் சரியாகச் சாப்பிடுவாரா என்பதே சந்தேகம் என்றால், சாப்பிட்டு முடித்தவுடன் போடலாமா, எவ்வளவு போடலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடே இல்லையென்றால் அந்த வேளை லிஸ்ப்ரோவும் இல்லை. ஆனால் ராத்திரி போடும் 18 யூனிட் கிளார்ஜினை அதோடு சேர்த்து விட்டுவிடக் கூடாது, அது நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின், வேறு கணக்கு. இரண்டு பேனாவும் ஒரே டப்பாவில் கிடப்பதாகச் சொல்கிறீர்கள். பிரித்து வையுங்கள், ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றுங்கள். படுக்கும்போது கிளார்ஜின் என்று நினைத்து 18 யூனிட் லிஸ்ப்ரோவைப் போட்டுவிட்டால், அந்த ராத்திரி தூங்கக் கூடாது. உடனே குளுக்கோஸ் கலந்து குடிக்கக் கொடுத்துவிட்டு அவசர சிகிச்சைக்குக் கிளம்ப வேண்டும்.

பழைய சிரிஞ்சுகளை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தூக்கிப் போடுங்கள். அவை ஒரு மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினுக்கானவை, பேனாவில் இருப்பது ஒரு மில்லிக்கு 100. அந்த சிரிஞ்சில் 12 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 30 யூனிட்.

மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால், அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், உடனே 15 கிராம் குளுக்கோஸ். மூன்று நான்கு டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் போதும். சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சிறிது ஏதாவது சாப்பிட வேண்டும். அதற்கப்புறம் மீட்டர் 220 காட்டினால் அதற்கு ஊசி போடாதீர்கள். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கல்லீரலில் இருந்து சர்க்கரையை அவிழ்த்துவிட்டிருக்கிறது, அதுவாக அடங்கும்.

கூப்பிட்டால் பதில் இல்லை, விழுங்க முடியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்தை, ஊசியாகவோ மூக்கில் அடிக்கும் பவுடராகவோ, வீட்டில் வைத்துக்கொள்ள மருத்துவரிடம் எழுதி வாங்கி, போடும் முறையையும் அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். ஊசி போடப்போவது அவர் இல்லை, நீங்கள்.

மற்ற கேள்விகள். பேனாவில் காற்றுக்குமிழி தோலுக்கடியில் போனால் ஒன்றும் ஆகாது, டோஸ் கொஞ்சம் குறையும், அவ்வளவே. நீலம் கட்டுவது ஒரு சின்ன ரத்தக்குழாயில் ஊசி பட்டதால், தானாக மறையும். இன்சுலின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற வீடியோவை நம்பாதீர்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது பல வருடங்களாகக் கட்டுக்குள் வராத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், அதனால் டோஸைக் குறைப்பார்கள். அந்த இரண்டையும் முடிச்சுப்போட்டுத்தான் இந்த வதந்தி. இன்சுலின் பழக்கமாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. உடம்பில் சுரக்காததைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், அடுத்த மாத முறைவரை காத்திருக்க வேண்டாம். உள்ளே போனதும் முதலில் சொல்ல வேண்டியது, “52 காட்டியபோது அவருக்கு எதுவும் தெரியவில்லை.” அப்புறம் வயிற்றுத் தடிப்பைக் காட்டுங்கள். காலையில் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள், சாப்பாட்டு நேர இன்சுலினோடு அது இன்னும் தேவையா என்று கேளுங்கள். தோலில் ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரைக் கருவி முடியுமா என்றும் கேளுங்கள். இறங்கும்போதே அது சத்தம் போடும், அவர் உடம்பு போட மறந்த சத்தத்தை அது போடும்.

அதுவரை கார், பைக் எதையும் ஓட்டுவதற்கு முன் அளவு பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ராத்திரி விழித்து விழித்து நெற்றியைத் தொட வேண்டாம், வியர்க்காத நெற்றி எதையும் உறுதிப்படுத்தாது. படுக்கும்போது ஒரு தடவை, மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒரு தடவை விரலில் குத்திப் பாருங்கள். மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் குளுக்கோஸ் கொடுங்கள். 100-க்கு மேல் காட்டினால், கடைசியாக லிஸ்ப்ரோ போட்டு ஐந்து மணி நேரம் ஆகியிருந்தால், அலாரத்தை நிறுத்திவிட்டு நீங்களும் தூங்குங்கள்.