கணையப் புற்றுநோய்க்கு அறக்கட்டளை உதவாது என்றால்

மார்பகப் புற்றுநோய்க்கு உதவும் அறக்கட்டளை ஒன்று உங்கள் அப்பாவின் கணையப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவ மறுத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மார்பகமா கணையமா என்று பிரித்துப் பார்க்காது. உங்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலில் அதைப் பிடியுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும்.

அறக்கட்டளை அப்பாவுக்குக் கைவிரித்தது, அநேகமாக அக்டோபரில் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்தி மார்பகப் புற்றுநோய்க்கென்றே திரட்டிய பணம் என்பதால் இருக்கும். கணையத்தில் வருவது பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியும். மீண்டு வந்து மேடையேறிப் பேச ஆள் குறைவு. அதற்காக யார் மாரத்தான் நடத்துகிறார்கள்? எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, மதுரை பாலரெங்கபுரம் புற்றுநோய் மையத்தில் மருத்துவர் எழுதிய சிகிச்சையின் பெயரைக் காட்டி, அது காப்பீட்டுப் பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள்.

காப்பீட்டுத் திட்டத்தின் அனுமதி வாங்கிய பிறகே சிகிச்சையைத் தொடங்கச் சொல்லுங்கள். கைக்காசு போட்டுக் கட்டிய பில்லை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பியிருக்காதீர்கள்.