தொடைக்குள் சீழ்: ஊசியிலேயே கரைக்க முடியாதா?

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது. அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறான். சுகர் உண்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டான். மூட்டையோடு கால் இடறியதில் தொடையில் வலி வந்தது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவி விட்டோம். பத்து நாளில் தொடை வீங்கி, குளிர்ஜுரம் கண்டுவிட்டது. ஸ்கேன் எடுத்துவிட்டு, ‘தசைக்குள் சீழ் கட்டியிருக்கிறது, எடுத்தாக வேண்டும்’ என்கிறார்கள். தோலில் ஒரு கீறல்கூட இல்லையே, சீழ் எப்படி வந்தது? கத்தி வைக்காமல் ஊசியிலேயே கரைக்க முடியாதா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அவசரமானது உங்கள் இரண்டாவது கேள்விதான், அதற்கே முதலில் வருகிறேன். கரைக்க முடியாது அம்மா. டிரிப்ஸில் ஏற்றும் ஆன்டிபயாடிக் ரத்தத்தோடுதான் போகும். சீழ்க்குளத்துக்குள் ரத்தக்குழாய் ஏது? மருந்து கரையோடு நின்றுவிடும். ஆரம்ப நாட்களில், சீழ் கட்டுவதற்கு முன், தொடையை அழுத்தினால் பலகை மாதிரி கெட்டியாக இருக்கும். அப்போதே பிடித்திருந்தால் மருந்து மட்டும் போதும். உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

அதற்காகப் பெரிய ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். ஒரே குளமாக, நீர்க்க இருந்தால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் உறிஞ்சலாம், அல்லது சின்னக் குழாய் வைத்து வடிக்கலாம். அறை அறையாகப் பிரிந்திருந்தால் திறந்து, விரலை விட்டு அந்தத் தடுப்புகளை உடைத்துத்தான் ஆக வேண்டும். திறந்த புண்ணைத் தைக்காமல் துணி திணித்து அனுப்புவார்கள். ‘குழியாக விட்டுட்டாங்களே’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது அடியிலிருந்து மேலே ஆறி வர வேண்டிய புண்.

எடுத்த சீழைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பினார்களா என்று கேளுங்கள். இந்த நோயில் பெரும்பாலும் சிக்குவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. சாதாரண ரகம் என்றால் குளோக்சாசிலின், செஃபாசோலின் போன்றவை கேட்கும். அதற்கெல்லாம் அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. ரகம் என்றால் வான்கோமைசின் மாதிரி வேறு மருந்துக்குப் போக வேண்டும். பொதுவாக மூன்று, நான்கு வாரம் மருந்து ஓடும். ஜுரம் முதல் வாரத்திலேயே நின்றுவிடலாம், அதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையை ஒழுங்காகப் போடாத ஆள் என்கிறீர்கள், அங்கேதான் எனக்குக் கவலை.

சரி, கீறல் இல்லாமல் எப்படி? கிருமி ரத்தம் வழியாக வந்திருக்கும். சொறிந்த கொப்புளம், நகச்சுற்று, எங்கிருந்தாவது கொஞ்சம் உள்ளே போயிருந்தால் போதும். ஆனால் நல்ல தசையில் அது சுலபமாகத் தங்காது. 1904-ல் மியாகே என்ற ஜப்பானியர் முயல்களின் ரத்தத்தில் இதே கிருமியை ஏற்றிப் பார்த்தார். தசையை முன்கூட்டியே அடிபட வைத்த முயல்களுக்குத்தான் அங்கே சீழ் கட்டியது. மூட்டையோடு இடறிய கால், கட்டுப்படாத சுகர் - கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்?

நீவி விட்டதற்காக வீட்டில் யாரையும் திட்டாதீர்கள். சீழ் ஆழத்தில் இருப்பதால் மேல் தோல் சிவக்காமலே இருக்கும். சுளுக்கு என்றோ, ரத்தக்கட்டி என்றோ டாக்டர்களே ஏமாறுவதுண்டு. இனிமேல் மட்டும் எண்ணெயும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம்.

அப்புறம், ஆஸ்பத்திரியில் இன்சுலின் போடுவார்கள். ‘ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போடணும்’ என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். கிருமி அடங்கியதும் பலர் மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள். வீடு திரும்பிய பிறகு மறுபடி ஜுரம், மூச்சு வாங்கல், புதிதாக முதுகு வலி என்று எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். இந்தக் கிருமி இதய வால்வு, எலும்பு, நுரையீரல் என்று இன்னோர் இடத்தில் போய் உட்காரக்கூடியது. மண்டிக்கு எப்போது போகலாம் என்று தம்பி நச்சரிப்பார். புண் மூடி, படியேறினாலும் வலிக்காத நிலை வரும் வரை மூட்டைப் பக்கமே விடாதீர்கள்.