கண் டாக்டரைக் கேளுங்கள்: ஐசிஎல்லுக்கு முன் கான்டாக்ட் லென்ஸ் போடலாமா?

கேள்வி: வயது 27. கண்ணாடியில் மைனஸ் 9, கூடவே சிலிண்டர் பவரும் உண்டு. கருவிழி மெலிதாக இருப்பதால் லேசிக் வேண்டாம், கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் ஐசிஎல் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். ஆனால் அளவெடுக்க வருவதற்கு முன் இரண்டு வாரம் கான்டாக்ட் லென்ஸைத் தொடவே கூடாதாம். கல்லூரி நாளிலிருந்து எனக்கு கான்டாக்ட் லென்ஸ்தான், வைட்ஃபீல்டு ஆபீசில் நான் சோடாபுட்டி என்பதே யாருக்கும் தெரியாது. நடுவில் அக்காவின் வளைகாப்பு வேறு. கருவிழியில் கைவைக்காத ஆபரேஷனுக்கு எதற்கு இந்தக் கெடுபிடி? அன்று ஒரு நாள் மட்டும், மூன்று மணி நேரம் போட்டுக்கொண்டால் என்ன ஆகிவிடும்?
- வாசகி, கே.ஆர். புரம், பெங்களூரு

பதில்: வளைகாப்புக்குக் கண்ணாடியோடு போங்கள். போட்டோவில் பளபளக்கிறது என்பதுதான் கவலை என்றால் ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. லேசிக்கில் கருவிழியையே செதுக்குகிறோம், ஐசிஎல்லில் அப்படி இல்லை, ஓரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டு, அதன் வழியாக மடித்த லென்ஸை உள்ளே விட்டு, ஐரிஸ் என்கிற நிறத்திரைக்குப் பின்னால், உங்கள் சொந்த லென்ஸுக்கு முன்னால் விரித்து வைக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் எந்த பவரில், எந்த அளவில் லென்ஸ் வரவழைப்பது? கண்ணாடி பவர், கருவிழியின் வளைவு, அதன் குறுக்களவு, கருவிழிக்கும் உங்கள் சொந்த லென்ஸுக்கும் நடுவே உள்ள முன்னறையின் ஆழம், இவற்றை வைத்துத்தான் கணக்கு. நாள் முழுக்க கான்டாக்ட் லென்ஸ் உட்கார்ந்திருந்த கருவிழியில் அந்த வளைவு லேசாக மாறியிருக்கும், ஆக்சிஜன் போதாமல் கொஞ்சம் வீங்கியும் இருக்கும், அதோடு பவரும் மாறும். கழற்றி வைத்த மறுநாளே பழைய நிலைக்கு வந்துவிடாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டெய்லரிடம் பிளவுஸ் அளவு கொடுப்பது போலத்தான்.

உங்களுக்கு இது கூடுதலாகவே முக்கியம், ஏனென்றால் சிலிண்டர் இருக்கிறது, அதாவது கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. சிலிண்டருக்கு, திசைக்குத் திசை பவர் மாறும் டோரிக் லென்ஸ் வைப்பார்கள், அதைச் சரியான கோணத்தில் நிறுத்த வேண்டும். 10 டிகிரி தப்பினால் சிலிண்டர் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு, 30 டிகிரி தப்பினால் அந்தத் திருத்தம் இருந்தும் இல்லாதது மாதிரிதான். கோணத்தைச் சொல்வதே கண்ணாடி பவரும் கருவிழியின் வடிவமும்தான்.

மூன்று மணி நேரம் போட்டால் கண் கெட்டுப்போகாது. ஆனால் எண்கள் நம்பும்படி இருக்காது, டாக்டர் மறுபடி முதலிலிருந்து நாள் எண்ணச் சொல்வார். போட்டதை மறைத்துவிட்டுப் போய் உட்காருகிறவர்களும் உண்டு. கருவிழியின் வளைவை அளக்கும் டோபோகிராபி மிஷினில் முகவாயை வைத்ததும் கருவிழி மேல் வட்ட வட்டமாக ஒளி வளையங்கள் விழும், அந்த வளையங்கள் கோணலாகவோ பூத்தாற்போலவோ இருந்தால் டெக்னீசியன் முதலில் கேட்பதே "லென்ஸ் எப்போது கழற்றினீர்கள்?" என்றுதான். அப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சில நாள் விட்டு இன்னொரு முறை அளப்பார்கள், இரண்டும் ஒத்துவந்தால்தான் லென்ஸ் ஆர்டர்.

சாதாரண சாஃப்ட் லென்ஸுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம், சாஃப்ட் டோரிக்குக்கு இரண்டு வாரம், ஆர்ஜிபி என்கிற கடினமான லென்ஸுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாரம், பல வருடம் போட்டவர்களுக்கு இன்னும் அதிகம். உங்கள் டாக்டர் சொன்ன கணக்கு சரிதான்.

ஆபீசுக்கு இப்போதே ஒரு நல்ல கண்ணாடி செய்துகொள்ளுங்கள். 1.67 அல்லது 1.74 இன்டெக்ஸ் (எண் கூடினால் லென்ஸ் மெலிதாகும்), ஃபிரேம் சின்னதாக, வட்டமாக, அப்படியென்றால் ஓரத்தின் தடிமன் நன்றாகவே குறையும். இன்னொன்று, கான்டாக்ட் லென்ஸ் டப்பாவில் இருக்கும் பவரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். கண்ணாடியில் மைனஸ் 9 இருப்பவருக்கு கான்டாக்ட் லென்ஸ் மைனஸ் 8 பக்கம்தான் வரும், கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் 12 மில்லிமீட்டர் இடைவெளி செய்கிற வேலை அது. முதல் இரண்டு மூன்று நாள் எல்லாம் சின்னதாகத் தெரியும், படிக்கட்டு ஏமாற்றும், டின் ஃபேக்டரி சிக்னலில் ஸ்கூட்டி ஓட்டிப் பழக வேண்டாம், மெட்ரோவில் போங்கள்.

அளவெடுக்கும் அன்று கண்ணைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்ப்பார்கள், திரும்பும்போது வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். மைனஸ் 9 கண்ணில் விழித்திரை ஓரம் மெலிந்திருக்கலாம், ஓட்டை இருந்தால் முதலில் லேசரால் அடைப்பார்கள். கருவிழியின் உட்புறச் செல்களையும் எண்ணுவார்கள், அவை குறைந்தால் திரும்ப வளராது.

கேள்வி: ஒரு கண்ணில் ஐசிஎல் முடிந்தது, அடுத்த கண்ணுக்கு ஒரு வாரம் இருக்கிறது. அந்தக் கண்ணில் மைனஸ் 10. பழைய கண்ணாடியில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுப் போட்டால் தலை சுற்றுகிறது. அந்தக் கண்ணுக்கு மட்டும் கான்டாக்ட் லென்ஸ் போடலாமா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தலை சுற்றத்தான் செய்யும். ஒரு கண் உருவத்தை முழு அளவில் காட்டுகிறது, இன்னொன்று மைனஸ் 10 கண்ணாடி வழியாகச் சுருக்கிக் காட்டுகிறது, மூளையால் இரண்டையும் ஒட்ட முடியவில்லை. கான்டாக்ட் லென்ஸில் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும். அந்தக் கண்ணுக்கு அளவெடுத்து லென்ஸும் வந்துவிட்டது என்றால் சில டாக்டர்கள் சம்மதிப்பார்கள், ஆனால் ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே கழற்றிவிடச் சொல்வார்கள், காரணம் கிருமி. லேசாகச் சிவந்தாலும் உறுத்தினாலும் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள். ஆகவே போன் போட்டுக் கேட்காமல் போடாதீர்கள். அனுமதி கிடைத்தால் புது லென்ஸ், கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகு, குழாய்த் தண்ணீர் லென்ஸில் படவே கூடாது, போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது. ஆபரேஷன் ஆன கண்ணின் சொட்டு மருந்தைத் தொட்ட கையோடு இந்தக் கண்ணைத் தேய்க்காதீர்கள். அனுமதி இல்லையென்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆபரேஷன் ஆன கண்ணை மட்டும் நம்பி அந்த வாரத்தை ஓட்டலாம், வண்டியை மட்டும் எடுக்காதீர்கள்.