'சர்க்யூட் நீதிபதி' என்றால் என்ன? டேவிட் டேவிஸ் ஏன் ஊர் ஊராகப் போனார்?

அந்தக் காலத்து அமெரிக்காவில் சர்க்யூட் நீதிபதி ஒரே ஊரில் உட்கார்ந்து விசாரிப்பவர் அல்ல. 'சர்க்யூட்' எனப்படும் தன் எல்லைக்குள் வரும் மாவட்டங்களைச் சுற்றிவந்து, ஒவ்வோர் ஊரிலும் சில நாள் நீதிமன்றம் நடத்துபவர். வாரச் சந்தை மாதிரிதான்: அது வரும் நாளுக்கு ஊரே காத்திருக்கும்.

காரணம் எளிது. அன்றைய இல்லினாய் மாநிலத்தில் ஊர்கள் சிறியவை, வழக்குகளும் குறைவு. ஊருக்கு ஒரு நீதிபதி என்றால் கட்டுப்படியாகாது. 1848இல் எட்டாவது சர்க்யூட்டுக்கு நீதிபதியான டேவிட் டேவிஸ் (1815–1886) ஆண்டுக்கு இருமுறை இப்படிச் சுற்றினார். மனிதர் பெருத்த உடம்புக்காரர், அதனால் குதிரை வண்டிப் பயணம். கூடவே வக்கீல்களும் போவார்கள்; அவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். ஒரே விடுதியில் தங்கி, ராத்திரி கதை பேசிப் பேசியே நட்பு வளர்ந்தது. 1860இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் லிங்கனை அதிபர் வேட்பாளராக்க ஓடியாடி வேலை பார்த்தவர்களில் முதல் ஆள் டேவிஸ்தான். 1862இல் லிங்கன் அவரை உச்ச நீதிமன்றத்தில் அமர்த்தினார். அப்புறம் 1877இல் அதை விட்டுவிட்டு செனட்டர் ஆனார்.

நண்பர் தந்த பதவி, ஆகவே லிங்கன் அரசுக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பெழுதியிருப்பார் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் ராணுவம் சாராத வழக்கமான நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமக்களை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று, லிங்கன் காலத்து நடவடிக்கை ஒன்றையே செல்லாததாக்கிய 1866ஆம் ஆண்டின் மில்லிகன் தீர்ப்பை எழுதியவர் இவர்தான்.