பீக்கிங் வாத்தும் ஆழமில்லாக் கவிதையும்

கேள்வி: பொதுவுடைமைக் கட்சி ஆண்ட யுகோஸ்லாவியாவிலேயே செர்பியக் குழுவொன்று பங்க் ராக் இசைத்தட்டு வெளியிட்டது என்று கேள்விப்பட்டேன். அதிகாரத்தைச் சீண்டும் இசையை அங்கே யார் துணிந்து வெளியிட்டார்கள்?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது செர்பியாவின் நோவி சாட் நகரில் 1978இல் தோன்றிய ‘பெகின்ஷ்கா பாட்கா’ குழுவைப் பற்றியதாக இருக்க வேண்டும். பெயருக்குப் பொருள் பீக்கிங் வாத்து. சீன உணவகத்தில் வறுத்துத் தருவார்களே, அதே வாத்துதான். அவர்களது முதல் தொகுப்பான ‘ப்ளிட்கா பொயெஸியா’, யுகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ மறைந்த அதே 1980ஆம் ஆண்டில் வந்தது. செர்பியக் குழுவொன்றின் முதல் பங்க் தொகுப்பு என்று பொதுவாக அதையே சொல்கிறார்கள்.

வெளியிட்டது தலைமறைவு நிறுவனம் எதுவும் அன்று. குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் இருந்த, நாட்டின் மிகப் பெரிய இசைத்தட்டு நிறுவனமான யூகோடொன். யுகோஸ்லாவியா சோவியத் நாட்டைப் போல இயங்கவில்லை. அங்கே நிறுவனங்கள் சமூக உடைமையாக, தொழிலாளர் சுயநிர்வாகத்தின் கீழ் இருந்தாலும், தட்டு விற்றால்தான் அவற்றுக்கும் பிழைப்பு என்பதால், இளைஞர்கள் விரும்பிக் கேட்பதை விட்டுவிட அவற்றுக்கு மனம் வராது. முன்கூட்டியே வெட்டித் தள்ளும் தணிக்கை அலுவலகத்தைவிட நுட்பமான ஒரு கருவி அரசிடம் இருந்தது. அதுதான் ‘ஷுண்ட்’, அதாவது மலிவுச் சரக்கு, வரி. பண்பாட்டுத் துறையின் குழு ஒரு தட்டைத் தரமான படைப்பு என்று ஏற்றால் விற்பனை வரி கிடையாது. வரிவிலக்குப் பெற்றது என்ற வாசகம் உறையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சாகும். மலிவுச் சரக்கு என்று தீர்மானித்தால் வரி ஏறும், விலையும் ஏறும். ரியெக்கா நகரத்துப் பங்க் குழுவான பராஃபின் முதல் தொகுப்புக்கு அதே 1980இல் அந்த மலிவுச் சரக்கு முத்திரை விழுந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தலைப்பைப் பாருங்கள். ‘ப்ளிட்கா பொயெஸியா’ என்றால் ஆழமில்லாத கவிதை என்று பொருள். இது தரமற்றது என்று அரசின் எந்தத் தரக்குழுவும் சொல்வதற்கு முன்னால், தாங்களே உறையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். திட்டுவதற்கு வந்தவனிடம் திட்டையே எழுதி நீட்டுகிற இந்தக் குறும்பு, நேரடியாக முழக்கமிடுவதைவிடக் கூர்மையானது என்பது என் எண்ணம். 1979இல் வந்த முதல் சிறு தட்டிலேயே ‘அழகின்றி, அறிவோடு, இளமையோடு இருப்பது’ என்று பொருள்படும் பாடல் இருந்தது. அடுத்த தட்டில் ‘குட்டை முடியே மேல்’ என்றார்கள். சரயேவோவின் பியேலோ டுக்மே போன்ற நீளமுடி ராக் குழுக்கள் அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில் அது யாரைக் குத்தியது என்று விளக்க வேண்டியதில்லை. போதாததற்குத் தங்களை ‘முதல் ஆர்த்தடாக்ஸ் பங்க் குழு’ (ஆர்த்தடாக்ஸ் என்பது செர்பியர்களில் பெரும்பாலோரின் கிறித்தவப் பிரிவு) என்றும் சொல்லிக்கொண்டார்கள். கட்சியின் நாட்டில் மதத்தின் பெயரை அப்படி இழுத்தது விளையாட்டுதான் என்றாலும், விளையாட்டாக எல்லோரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: இவர்களைக் கேட்க எந்தத் தொகுப்பில் தொடங்கலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: முதல் தொகுப்பிலேயே தொடங்குங்கள். மொழி புரியாவிட்டாலும், பாடகர் நெபோய்ஷா சோன்கிச்சின் குரலில் கேலி தெரியும். 1981இல் வந்த இரண்டாம் தொகுப்பு ‘சலிப்பின் அச்சம்’ என்று பொருள்படும் தலைப்புடன் இருண்ட திசைக்குப் போய்விட்டது. இசை நுணுக்கத்தில் அது மேலானது, ஆனால் அந்தச் சிரிப்பு அதில் இல்லை. அதே ஆண்டில் குழுவும் கலைந்தது. பிறகு 2008இல், தங்கள் ஊரிலேயே, டான்யூப் கரைக் கோட்டையில் நடந்த எக்ஸிட் இசை விழாவில் மீண்டும் மேடையேறினார்கள்.