சொறி பிழிவதும் ஒரு பிழைப்பா?

கேள்வி: இரவில் வலை இழுக்கும்போது எங்கள் கடலும்தான் மினுங்குகிறது, அதற்கு யாரும் பரிசு கொடுத்ததில்லை. ஒளிரும் சொறியை (ஜெல்லி மீனை) ஆராய்ந்த ஜப்பானியர் ஒருவர் நோபல் பரிசு பெற்றதைப் படித்ததிலிருந்து, பிளஸ் டூ முடித்த என் மகன் வேதியியல்தான் படிப்பேன் என்கிறான். சொறியைப் பிழிவதெல்லாம் ஒரு பிழைப்பா?
- ஒரு தந்தை, பாம்பன்

பதில்: பிழைப்புத்தான், ஐயா, அதுவும் கடும் பிழைப்பு. முதலில் ஒரு திருத்தம்: உங்கள் வலையில் மினுங்குவது பெரும்பாலும் நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிரி, அது சொறி அன்று.

உங்கள் மகன் படித்த அந்த ஜப்பானியர், ஒசாமு ஷிமோமுரா, வேதியியலுக்கு ஆசைப்பட்டு வந்தவரும் அல்லர். 1945இல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது 16. போருக்குப் பின் வேறு எங்கும் இடம் கிடைக்காததால், வீட்டருகே இடம்பெயர்ந்து வந்திருந்த மருந்தியல் கல்லூரியில் விருப்பமின்றியே சேர்ந்தார். 1961 கோடையில் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஏறத்தாழ 10,000 சொறிகளைக் கைவலையால் அள்ளி, ஒவ்வொன்றின் குடைவிளிம்பையும் கத்தரித்துத் துணியில் பிழிந்தார்கள். கிடைத்த ஒளிரும் புரதமோ சில மில்லிகிராம். சாற்றின் ஒளியை அணைத்து வைத்து அந்தப் புரதத்தைப் பிரித்தெடுக்கும் வழி முதலில் புலப்படாமல், படகில் தனியே மிதந்தபடி நாள்கணக்கில் யோசித்திருக்கிறார். அமிலம் சேர்த்தால் ஒளி அடங்கும் என்று கண்டபின், ஒரு நாள் மிச்சச் சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்ட, மீன்தொட்டியிலிருந்து கடல்நீர் வழிந்துகொண்டிருந்த அந்தத் தொட்டி சட்டென்று நீலமாகப் பளிச்சிட்டது. ஒளியைத் தூண்டுவது கடல்நீரிலுள்ள கால்சியம் என்பது அப்படித்தான் பிடிபட்டது.

பரிசு வந்ததோ அந்த நீலத்துக்காக அல்ல. உடன் கிடைத்த ஒரு பச்சைப் புரதத்தை 1962இல் அவர் போகிற போக்கில் குறித்துவைத்தார். அதற்குப் பயன் உண்டென்று அன்று அவரும் அறியார். 1992இல் அதன் மரபணு பிரிக்கப்பட்டது. 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதைப் பாக்டீரியாவிலும் புழுவிலும் ஒளிரச் செய்தார். ரோஜர் சியென் பல நிறங்கள் கொடுத்தார். புற்றுநோய்ச் செல் பரவுவதை உயிருள்ள உடலிலேயே பார்க்க இன்று அதுவே விளக்கு. 2008இல் பரிசு மூவருக்கும் சேர்ந்து வந்தது. அதற்குள் மனைவி மக்களோடு ஷிமோமுரா கோடைதோறும் பிடித்த சொறிகள் சுமார் 8.5 லட்சம்.

ஆகவே மகனிடம் பரிசைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு கோடை முழுவதும் நாற்றமடிக்கும் வாளிகளின் முன் நின்று விளிம்பு கத்தரிப்பானா என்று மட்டும் கேளுங்கள். தலையாட்டினால், மண்டபத்திலுள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தை ஒரு முறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். பாலத்தைத் தாண்டினால் போதும்.