தத்தெடுக்கும் பிள்ளைக்குச் செவித்திறன் குறைபாடு: உதவித்தொகை குறித்து

வணக்கம். செவித்திறன் குன்றிய மூன்று வயதுக் குழந்தையை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து தத்தெடுக்கவிருப்பதாகவும், அமெரிக்காவிலுள்ள உங்கள் அண்ணன் சொன்ன மாதாந்தர உதவித்தொகை சிங்கப்பூரிலும் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் குறிப்பிடுவது, சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைத் தத்தெடுப்போருக்கு 1980ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்தையொட்டி அங்குள்ள மாநிலங்கள் வழங்கும் உதவி; தத்தெடுப்பு நீதிமன்றத்தில் உறுதியாகும் முன்பே அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். இங்கு நான் குறிப்பிடும் உதவிகள், பிள்ளை எவ்வாறு குடும்பத்துக்குள் வந்தது என்பதைவிட, அதன் தேவையையும் தகுதியையுமே பார்க்கின்றன.

குடிமகனா, நிரந்தரவாசியா என்பதும் அந்தத் தகுதியில் அடங்கும்; ஆகவே முதலில் குடியுரிமையைக் கவனியுங்கள். தத்தெடுப்பு ஆணை கிடைத்தாலும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமை தானாக வந்துவிடாது. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உடற்குறையுள்ளோருக்கு உதவும் ‘எஸ்ஜி எனேபல்’ அமைப்பின் உதவித் தொழில்நுட்ப நிதிக்கு விண்ணப்பிக்கலாம். காதுகேள் கருவி போன்றவற்றின் விலையில் 90 விழுக்காடு வரை, வாழ்நாள் உச்சவரம்பான 40,000 சிங்கப்பூர் வெள்ளிக்குள் அது ஏற்கும். தகுதி, வீட்டின் தலா வருமானத்தை, அதாவது மொத்த வருமானத்தை உடன் வசிக்கும் குடும்பத்தினரின் எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகையைப் பொறுத்தது. உடன் வசிக்கும் பாட்டி இருந்தால் அவரையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். மதிப்பீடும் ஒப்புதலும் முடியும்முன் கருவியை வாங்கிவிட வேண்டாம்.

வளர்ச்சியில் உதவி தேவைப்படும் சிறு பிள்ளைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சித் திட்டத்துக்குக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவு மருத்துவர் பரிந்துரைப்பார். உடற்குறையுள்ள பிள்ளைக்கான 7,500 வெள்ளி வருமான வரி நிவாரணம், சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும் பொருந்தும். அதே பிள்ளைக்குச் சாதாரணப் பிள்ளை நிவாரணத்தையும் சேர்த்துக் கோர இயலாது.